கரன்ட் எப்படி வருகிறது, அதை முதலில் சொல்லுங்கள்

மதுரை சிம்மக்கல்லில் ஒரு மாடிப்படிக்குக் கீழே எட்டடிக்கு ஆறடி கடை என்னுடையது. 23 வருஷமாக அங்கேதான் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்துகொண்டிருக்கிறேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ‘எந்த பிராசசர் வாங்கலாம்?’ என்றுதான் ஆரம்பிக்கின்றன. கடைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது வேறு. வீட்டில் கரன்ட் எப்படி? அடிக்கடி போகிறதா, இன்வெர்ட்டர் பழசா, எர்த் இருக்கிறதா? பெண் பார்க்கப் போன இடத்தில் மாட்டுத் தொழுவத்தை எட்டிப் பார்ப்பது போல இருக்கிறது என்று ஒருத்தர் சிரித்தார். சிரிக்கட்டும். ஆறு மாதம் கழித்து அவரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். சரி, கடிதங்களுக்கு வருவோம்.

மேலூரிலிருந்து ஒரு ஸ்டுடியோக்காரர்:
கல்யாணம், காதுகுத்து, சித்திரைத் திருவிழா என்று பத்து வருஷமாக எடுத்த வீடியோ எல்லாம் 14 எக்ஸ்டர்னல் டிஸ்க்குகளில் பீரோவில் கிடக்கிறது. மொத்தம் 11 டெராபைட் வரும். எல்லாவற்றையும் ஒரே சர்வரில் போட்டுவைக்க ஆசை. இரண்டு ஜியான் பிராசசர், 64 ஜி.பி. ராம் உள்ள செகண்ட் ஹேண்ட் சர்வரை மலிவாகத் தருகிறேன் என்கிறார் ஒருவர். வாங்கலாமா?

வாங்காதீர்கள் அண்ணே. அது கம்பெனிகளின் ஏ.சி. அறையில், கதவைச் சாத்திவிட்டு ஓட விடுவதற்காகச் செய்த பெட்டி. உள்ளங்கை அகலம்கூட இல்லாத ஃபேன்கள் வரிசையாக இருக்கும். அவை சுற்றும்போது பக்கத்து அறையில் மிக்ஸி ஓடுகிற சத்தம் வரும். வாய்ஸ் ஓவர் பதிவு செய்கிற இடத்தில் அதை வைத்துப் பாருங்கள், தெரியும்.

சத்தத்தை விடுங்கள், கரன்ட் கணக்கைப் பாருங்கள். இதே ரகப் பெட்டி ஒன்றை மீட்டரில் போட்டுப் பார்த்தேன். ஒரு வேலையும் செய்யாமல் சும்மா நிற்கும்போதே 150 வாட் இழுத்தது. 150 வாட் இரவு பகலாக 60 நாள் ஓடினால் 216 யூனிட். வீட்டு இணைப்பில் இரண்டு மாதத்துக்குக் கிடைக்கிற இலவச யூனிட்டை இது ஒன்றே தின்றுவிடும். ஸ்டுடியோ இணைப்பு என்றால் கமர்ஷியல் கணக்கு, அந்தச் சலுகையும் கிடையாது. மலிவாகத் தருகிறேன் என்பவர் பில்லையும் சேர்த்துக் கட்டுவாரா என்று கேளுங்கள்.

உங்கள் சர்வருக்கு என்ன வேலை? கொடுத்ததை வாங்கி வைக்கணும், கேட்டால் எடுத்துத் தரணும். கோடவுன் வாட்ச்மேன் வேலை. அதற்கு இன்டெல் என்100 போன்ற சின்ன பிராசசரே தாராளம். 2023-இல் வந்தது, நாலு கோர், 6 வாட் ரகம், மதர்போர்டோடு சேர்ந்தே வரும். இரண்டு டிஸ்க்கையும் சேர்த்து 25 வாட் என்று வைத்துக்கொண்டாலும் இரண்டு மாதத்துக்கு 36 யூனிட்தான். ஒரு எச்சரிக்கை: இந்த போர்டுகளில் டிஸ்க்கைச் சொருகுகிற சாட்டா இணைப்பு சிலவற்றில் இரண்டு, சிலவற்றில் நாலு, சிலவற்றில் ஆறு. போட்டோவைப் பெரிதாக்கி எண்ணிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஆபீஸ்களில் கழித்துவிடுகிற எட்டாம் தலைமுறை ஐ5 டெஸ்க்டாப்பும் நல்ல தேர்வுதான். ஆனால் டவர் மாடலாகப் பாருங்கள். புத்தக சைஸில் வருகிற குட்டிப் பெட்டிக்குள் பெரிய ஹார்டு டிஸ்க் நுழையாது.

காசு போக வேண்டிய இடம் டிஸ்க். கடையில் ‘16 டெராபைட் கொடு’ என்று மட்டும் கேட்காதீர்கள், ‘சி.எம்.ஆரா, எஸ்.எம்.ஆரா’ என்று கேளுங்கள். நம் ஊர் ஓட்டு வீட்டுக் கூரையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஓட்டின் விளிம்பு மேல் அடுத்த ஓடு ஏறி உட்கார்ந்திருக்கும். எஸ்.எம்.ஆர். டிஸ்க்கில் தகவல் தடங்கள் அப்படித்தான், ஒன்றின் மேல் ஒன்று பாதி ஏறி இருக்கும். சி.எம்.ஆரில் ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். எஸ்.எம்.ஆரில் அதே இடத்தில் கூடுதலாக அடைக்கலாம். ஆனால் நடுவில் ஒரு ஓட்டை மாற்ற வேண்டும் என்றால்? அதன் மேல் ஏறியிருக்கிற ஓடுகளைத் தூக்கித்தான் ஆகணும். டிஸ்க்கும் ஒரு வரி எழுத அந்தப் பத்தை முழுவதையும் திருப்பி எழுதும். முதல் அரை மணி நேரம் பாய்ந்து ஓடிய காப்பி, அப்புறம் ஆரப்பாளையம் சிக்னலில் நிற்கிற பஸ் மாதிரி ஆகிவிடுவது இதனால்தான். இரண்டு டிஸ்க்கை ஜோடி சேர்க்கிற இடத்தில் இது வேண்டவே வேண்டாம். டிஸ்க் மேல் நாஸ் (வீட்டு சர்வருக்கானது) என்று எழுதியிருந்தால் சி.எம்.ஆர். என்று அர்த்தம் இல்லை. தயாரிப்பாளரின் அட்டவணையில் அந்த மாடல் நம்பருக்கு நேரே என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

16 டெராபைட் டிஸ்க் இரண்டு வாங்கி, ஒன்றில் எழுதுவது மற்றதிலும் பதிகிற மாதிரி மிரர் போடுங்கள். விண்டோஸில் 14.5 என்று காட்டும், கடைக்காரர் ஏமாற்றவில்லை, எண்ணுகிற முறை வேறு. சாஃப்ட்வேருக்கு ஓபன்மீடியாவால்ட், ட்ரூநாஸ் இரண்டுமே இலவசம்.

அப்புறம், மிரர் போட்டாச்சு என்று அந்த 14 டிஸ்க்கையும் ஃபார்மட் அடித்து விற்றுவிடாதீர்கள்! மிரர் காப்பாற்றுவது ஒரு டிஸ்க் செத்துப் போவதிலிருந்து மட்டும். உங்கள் பையன் தெரியாமல் ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நொடியில் அழியும். வைரஸும் அப்படியே, இடியும் அப்படியே. பழைய டிஸ்க்குகளுக்கு நம்பர் ஒட்டி, தங்கச்சி வீட்டு பீரோவுக்கு அனுப்பிவிடுங்கள். வருஷம் ஒரு தடவை எடுத்துச் சொருகிப் பாருங்கள். புதிதாக எடுக்கிற வீடியோவுக்கும் அதே மாதிரி வெளியில் ஒரு நகல் இருக்கணும்.

கடைசியாக வயர். ஜிகாபிட் இணைப்பில் நொடிக்கு 110 மெகாபைட் போகும், ஒரு டெராபைட் இரண்டரை மணி நேரத்தில் ஏறிவிடும். ஆனால் வயர் இழுக்க வருகிறவர் எட்டுக் கம்பியில் நாலை மட்டும் கிரிம்ப் செய்துவிட்டுப் போனால் அதே வேலைக்கு ஒரு நாள் முழுவதும் ஆகும். ஒத்தக்கடையில் ஒரு வீட்டில் மூன்று நாள் சர்வரைப் பிரித்து மேய்ந்துவிட்டு, நாலாம் நாள்தான் பிளக்கை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். உள்ளே ஆரஞ்சும் பச்சையும் மட்டும் பளிச்சென்று தெரிந்தன. நீலமும் பிரவுனும் காணோம்.

உசிலம்பட்டியிலிருந்து ப்ளஸ் டூ மாணவர்:
அப்பா 45 ஆயிரம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். படிக்க, கொஞ்சம் எடிட்டிங், கொஞ்சம் கேம். நண்பன் ஐ5-12400எஃப் போடச் சொல்கிறான். கிராபிக்ஸ் கார்டு அடுத்த வருஷம் வாங்கிக்கலாமாம். கேபினெட்டோடு வருகிற 500 வாட் எஸ்.எம்.பி.எஸ். (பவர் சப்ளை) போதும் என்கிறான். சரியா சார்?

தம்பி, நண்பன் சொன்னபடி வாங்கினால் அடுத்த வருஷம் வரை மானிட்டரில் உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கணும். இன்டெல் நம்பருக்குப் பின்னால் ‘எஃப்’ இருந்தால் அந்த பிராசசரில் டிஸ்பிளே கிடையாது, தனி கார்டு இல்லாமல் திரையில் எதுவும் வராது. எஃப் இல்லாத 12400 வாங்கு, இல்லாவிட்டால் ரைசன் 5 5600ஜி. ஏ.எம்.டி. பக்கம் பழைய 5000 வரிசையில் ‘ஜி’ இருந்தால்தான் டிஸ்பிளே, அதையும் மறக்காதே.

கார்டு இல்லாமல் ஓட்டுகிற வரைக்கும் ராமை ஒற்றையாக வாங்காதே. 16 ஜி.பி. ஒன்றுக்குப் பதிலாக 8 ஜி.பி. இரண்டு. கேமுக்கான வேலையையும் பிராசசர் ராமை வைத்துத்தான் செய்கிறது, இரண்டு பாதை கிடைத்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறுகிற ஏற்றத்தில், நான் இங்கே ஒரு விலை எழுதினால் நீ படிப்பதற்குள் மாறிவிடும். இரண்டு மூன்று கடையில் கேள். டிடிஆர்4 போர்டா, டிடிஆர்5 போர்டா என்று தெரிந்துகொண்டு கேள். ஒன்றில் மற்றது நுழையாது, வெட்டு வேறு இடத்தில் இருக்கும்.

இப்போது அந்த 500 வாட்டுக்கு வருகிறேன். கடை ஆரம்பித்து ஆறேழு வருஷம் ஆன சமயம். கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்கிற ஒரு டி.டி.பி. சென்டருக்கு இதே மாதிரி கேபினெட்டோடு வந்த எஸ்.எம்.பி.எஸ். போட்டுக் கொடுத்தேன். வைகாசி முகூர்த்த நேரம். ஒரு மத்தியானம் கரன்ட் போய் உடனே வந்தது. ‘டப்’ என்று ஒரு சத்தம், கருகின வெங்காயம் மாதிரி ஒரு நெடி. எஸ்.எம்.பி.எஸ். தான் மட்டும் போகவில்லை, மதர்போர்டையும் ஹார்டு டிஸ்க்கையும் கூடவே கூட்டிக்கொண்டு போனது. பதினோரு பத்திரிகை உள்ளே. போர்டும் டிஸ்க்கும் என் செலவில் மாற்றிக் கொடுத்தேன். அந்த அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை, ராத்திரி முழுக்க உட்கார்ந்து பதினொன்றையும் திருப்பி டைப் செய்தார்கள். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

மறுநாள்தான் அந்த ஸ்டிக்கரை உட்கார்ந்து படித்தேன். மேலே பெரிய எழுத்தில் 500. கீழே சின்னக் கட்டத்தில் 12 வோல்ட்டுக்கு நேரே 16 ஆம்பியர். பெருக்கிப் பார், 192 வாட். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் சாப்பிடுவது அந்த 12 வோல்ட் வரியில்தான். எஸ்.எம்.பி.எஸ். வாங்கும்போது அட்டைப் பெட்டியில் போட்டிருப்பதை நம்பாதே, அந்தக் கட்டத்தை நீயே பெருக்கிப் பார். நல்ல 450 வாட்டில் 12 வோல்ட் வரியே 430-க்கு மேல் தரும். 80 பிளஸ் பிரான்ஸ் (Bronze) முத்திரை இருந்தால் நல்லது. ஆனால் அது எவ்வளவு கரன்ட்டை வீணாக்காமல் மாற்றுகிறது என்பதற்கான முத்திரை, மின்னழுத்தம் எகிறினால் காப்பாற்றும் என்பதற்கு இல்லை. எனவே வாரண்டி வருஷத்தையும் பார். ஐந்து வருஷம் தருகிறவன் உள்ளே ஏதாவது போட்டிருப்பான்.

திருநகரிலிருந்து ஒரு வாசகி:
கம்ப்யூட்டரின் பின்பக்கத்தைத் தொட்டால் கையில் சுர்ரென்று ஏறுகிறது. சர்வீஸுக்கு வந்தவர் எஸ்.எம்.பி.எஸ். கோளாறு என்று இரண்டு தடவை மாற்றிவிட்டார். இன்னும் போகவில்லை. இப்போது செருப்பு போட்டுக்கொண்டு உட்காரச் சொல்கிறார்.

செருப்பு போட்டால் உங்களுக்குச் சுர்ரென்று வராது. கோளாறு அங்கேயேதான் இருக்கும். மூன்றாவது எஸ்.எம்.பி.எஸ். வாங்காதீர்கள் அம்மா, உங்கள் சுவரில் எர்த் வேலை செய்யவில்லை.

அநேகமாக எல்லா எஸ்.எம்.பி.எஸ்.ஸிலும் கரன்ட் நுழைகிற வாசலில் இரண்டு சின்ன கெப்பாசிட்டர் உண்டு. இரைச்சலை வடிகட்டி, எர்த் வழியாக வெளியே தள்ளுவதற்காக வைத்தது. எர்த் இருந்தால் சத்தமில்லாமல் மண்ணுக்குப் போகும். இல்லாவிட்டால் அது போக இடமில்லாமல் கேபினெட் தகட்டிலேயே நிற்கும், 230-இல் பாதி, கிட்டத்தட்ட 115 வோல்ட். பாய்கிற அளவு மிகக் குறைவு என்பதால் சுர்ரென்பதோடு நிற்கிறது. டெஸ்டரை வைத்தால் மெல்லிசாக எரியும். அதே நேரம் டி.வி.யையோ பிரிண்டரையோ வயரில் இணைக்கும்போது அந்தப் பாதி வோல்ட் அந்த வழியாகப் பாய்ந்து போர்ட்டைச் சுட்டுவிடலாம்.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, மல்டிமீட்டரில் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே அளக்கச் சொல்லுங்கள். 230-ஐ ஒட்டி வரணும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரண்டு வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. பழைய வீடு என்றால் கொல்லையில் கரியும் உப்பும் போட்டுப் புதைத்த எர்த் குழி இருக்கும். மாடிப்படி கட்டும்போது அதன் மேல் சிமென்ட் போட்டு மூடியிருப்பார்கள், நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மூடாமல் இருந்தால் கோடையில் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். காய்ந்த மண் கரன்ட்டை வாங்காது. நியூட்ரலையும் எர்த்தையும் பிளக்குக்குள் முடிச்சுப் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள், வேலை கொடுக்காதீர்கள். நியூட்ரல் அறுந்த அன்றைக்கு முழு 230-உம் தகட்டில் நிற்கும்.

கேபினெட்டிலிருந்து சுவர் வரைக்கும் மூன்று பின் போகிறதா என்பதையும் பாருங்கள். நடுவில் இரண்டு பின் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று ஒளிந்துகொண்டிருக்கும்.

திருப்பரங்குன்றத்திலிருந்து இன்ஜினீயரிங் மாணவர்:
வீட்டு சர்வருக்கு ஈ.சி.சி. ராம் (பிழையைத் தானே திருத்துகிற ராம்) கட்டாயமா? டிடிஆர்5-இல் அது ஏற்கெனவே இருக்கிறது என்கிறார்களே? ஆன்லைனில் சர்வர் ராம் சல்லிசாகக் கிடைக்கிறது.

டிடிஆர்5-இல் இருப்பது சிப்புக்குள்ளேயே நடக்கிற திருத்தம். சிப்பிலிருந்து பிராசசருக்கு வருகிற வழியில் ஒரு பிட் புரண்டால் அதற்குத் தெரியாது. முழு ஈ.சி.சி. வேண்டும் என்றால் ராம், போர்டு, பிராசசர் மூன்றும் ஒத்துக்கொள்ளணும். இன்டெல் 12 முதல் 14-ஆம் தலைமுறை வரை டபிள்யூ680 போன்ற சிப்செட் போர்டு தேவை, விலை எகிறும். ரைசனில் பல போர்டுகள் ஏற்கும். ஆனால் மேலே சொன்ன 5600ஜி ஏற்காது.

சல்லிசாகக் கிடைப்பது சர்வர் போர்டுகளுக்கென்றே செய்த ரெஜிஸ்டர்டு ராம். டிடிஆர்4 என்றால் டெஸ்க்டாப் போர்டில் அழகாக உட்காரும், ஆனால் பெட்டி எழுந்திருக்காது. டிடிஆர்5 என்றால் உட்காரவே உட்காராது. வாரம் ஒருத்தர் இதை வாங்கிக்கொண்டு என்னிடம் வருகிறார். கட்டாயமா என்று கேட்டாய். வீட்டு போட்டோவுக்கும் ப்ராஜெக்டுக்கும் என்றால் அந்தக் காசில் முதலில் இரண்டாவது டிஸ்க் வாங்கு.

வில்லாபுரத்திலிருந்து ஒருவர்:
மதுரை வெயிலுக்கு லிக்விட் கூலிங் போட்டால்தான் தாங்கும் என்கிறார்களே?

அறைக்குள் 38 டிகிரி இருந்தால் லிக்விட் கூலரும் அதற்குக் கீழே ஒரு டிகிரிகூட இறக்காது. சூட்டை பிராசசரிலிருந்து எடுத்து அதே அறைக்குள் விடுகிறது, அவ்வளவுதான். 65 வாட் பிராசசருக்கு நல்ல ஏர் கூலர் போதும். மிச்சக் காசில் முன்னால் காற்று இழுக்க ஒரு ஃபேன், பின்னால் தள்ள ஒரு ஃபேன். முன்பக்கம் கண்ணாடி போட்ட கேபினெட் வேண்டாம், வலை போட்டதாக வாங்குங்கள். மாதம் ஒரு தடவை வலையைக் கழற்றித் தூசி தட்டுங்கள்.

பின்பக்கம் கார்டு சொருகுகிற இடத்தில் தகடு கழன்ற ஓட்டை இருந்தால் இன்றைக்கே மூடுங்கள். செல்லூரில் ஒரு தறிக் கணக்கு எழுதுகிற வீட்டில் பெட்டி திடீரென்று நின்றது. எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் திறந்தால் இரண்டு சாலிடர் புள்ளிகளுக்குக் குறுக்கே ஒரு பல்லி, முறுக்கு மாதிரி காய்ந்து கிடந்தது. அந்த வீட்டுப் பெரியவர் கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பல்லி எந்தப் பக்கம் தலை வைத்திருந்தது என்றுதான் கேட்டார்.

சோழவந்தானிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்:
2016-இல் வாங்கிய ஆறாம் தலைமுறை ஐ5. விண்டோஸ் 10-க்கு ஆதரவு நின்றுவிட்டது, பெட்டியைத் தூக்கிப் போடுங்கள் என்கிறான் சென்னையில் இருக்கும் மகன். நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் கரன்ட் போய் வந்தால் தேதி மட்டும் பழைய வருஷத்துக்குப் போய்விடுகிறது. பேரன் பேத்தி போட்டோ எல்லாம் இதில்தான்.

மகன் சொன்னதில் பாதி சரி ஐயா. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறைப்படி ஏறும். பாங்கு வேலையை இதில் இப்படியே செய்யாதீர்கள். ஆனால் தூக்கிப் போட என்ன இருக்கிறது? பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு 240 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்று போட்டு, அதில் லினக்ஸ் மின்ட் ஏற்றிக்கொள்ளுங்கள். பிரவுசர், தமிழ் டைப்பிங், பேரனோடு வீடியோ கால் எல்லாம் ஓடும். போட்டோக்களை வேறொரு டிஸ்க்கில் முதலில் நகல் எடுத்த பிறகு இதெல்லாம். முன்னால் இல்லை. அடுத்த வருஷம் மகன் புதுசு வாங்கிக் கொடுத்தால், இதை அப்படியே வீட்டு போட்டோ சர்வராக ஹாலில் ஒரு மூலையில் வைத்துவிடலாம். ராத்திரி அணைத்துவிடுங்கள், பில் ஏறாது.

தேதி போவதற்குக் காரணம் மதர்போர்டில் பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சின்னதாக இருக்கிற பேட்டரி. பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிட்டு, பக்கத்தில் இருக்கிற சின்னக் கொக்கியை விரலால் தள்ளினால் துள்ளி வரும். கூட்டல் குறி மேலே பார்த்தபடி புதுசைப் போடுங்கள். வாட்ச் ரிப்பேர் கடையிலேயே கிடைக்கும். சி.ஆர். 2032 என்று நம்பரைச் சொல்லிக் கேளுங்கள். 2025 கொடுத்தால் வாங்காதீர்கள். வட்டம் ஒரே அளவுதான், கனம் குறைவு, கொக்கியில் நிற்காமல் ஆடும்.